பல் படம் போட்ட சீட்டு

கைப்பையில் இருக்கக் கூடாத சீட்டு இருந்தது. இருக்க வேண்டிய சீட்டு இல்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. அவள் சமையலறையில் நின்றபடியே அந்தச் சீட்டை இன்னொரு தரம் பிரித்துப் படித்தாள். ‘எங்கள் குடும்பத்தில் கர்த்தர் தினமும் தருகிற கிருபைக்காகவும் சமாதானத்துக்காகவும் ஸ்தோத்திரம்.’ அவள் கையெழுத்துதான். நேற்று சாயங்காலம் வேலை முடிந்து வரும் வழியில் கோயில் பெட்டியில் போட்டுவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருந்த சீட்டு.

இது இங்கே இருக்கிறதென்றால், பெட்டிக்குள் போனது எது?

சீட்டை மடித்துப் பைக்குள் திரும்பப் போட்டாள்.

அவள் பல் டாக்டர் கிளினிக்கில் வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு நாளும் நேரமும் எழுதிச் சீட்டுக் கொடுக்கிறவள். ரோஸ் கலர் சீட்டு. மேலே ஒரு பல் சிரிக்கிற மாதிரிப் படம். பிடுங்கிப் போடப்போகிற பல் எதற்காகச் சிரிக்கிறது என்று இதுவரை ஒருவனும் கேட்டதில்லை. பதினோரு வருஷத்தில் ஒருத்தர் சீட்டை இன்னொருத்தருக்கு அவள் மாற்றிக் கொடுத்தது கிடையாது. சொந்தக் காரியத்துக்கும் அதே காகிதம்தான்.

மறுநாள் குடும்ப ஞாயிறு. அவர்கள் சபையில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு தாயும் தன் குடும்பத்துக்காக ஒரு ஸ்தோத்திரச் சீட்டு, அதாவது நன்றிச் சீட்டு, எழுதிப் பெட்டியில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பெட்டியைத் திறந்து சத்தமாக வாசிப்பார்கள். பேர் எழுத வேண்டாம், ஆண்டவருக்குத் தெரிந்தால் போதும் என்பார்கள். சொல்கிற வார்த்தையிலேயே யார் என்று சபை முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் என்ன ரகசியம்?

அவளுக்கென்று தனியாக ஒரு வழக்கமும் இருந்தது. வீட்டு ஆட்கள்மேல் கோபம் வந்தால் கத்த மாட்டாள். நம்பர் போட்டு ஆண்டவருக்கு எழுதுவாள். எழுதும்போதே பாதிக் கோபம் போய்விடும். ஒரு வாரம் பையில் வைத்து ஜெபித்துவிட்டுக் கிழித்துப் போடுவாள். ஆண்டவர் படித்ததை வெளியே சொல்ல மாட்டார். மனுஷரிடம் அந்த நம்பிக்கை வைக்க முடியாது.

நேற்று இரண்டையும் ஒரே மூச்சில் எழுதினாள். எழுதியதையெல்லாம் நாலு மடிப்பாக மடித்து, பையின் பக்கவாட்டு அறையில் செருகினாள். அங்கேதான் சனியன் பிடித்தது.

அந்த இன்னொரு சீட்டில் எழுதியது அவளுக்கு மனப்பாடம்.

ஒன்று: ஆண்டவரே, சமையலறைக் குழாய் ஏழு வாரமாகச் சொட்டுகிறது. என் புருஷன் டிப்போவில் ஒரு பஸ்ஸையே பிரித்து மாட்டுகிறவர். வீட்டுக்குள் நுழைந்ததும் கை செத்துவிடுகிறது. அவர் சாப்பாட்டு டப்பாவின் மூடிகூட இளகிப்போய், தினமும் பையில் கிடக்கிற காகிதத்தை இடுக்கித்தான் கொடுத்துவிடுகிறேன்.

இரண்டு: மாமனாரின் ரேடியோ. அவருக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. தெருவுக்கே கேட்க வேண்டும் என்று வைக்கிறார்.

மூன்று: பெரியவள் குளியலறைக்குள் போனால் ஒரு மணி நேரம். உள்ளே என்ன வியாபாரம் நடக்கிறதோ தெரியவில்லை.

நான்கு: நடுவிலான் ஈரத் துண்டை என் கட்டிலில் போடுகிறான்.

ஐந்து: கடைக்குட்டி பல் தேய்க்காமலே தேய்த்தேன் என்கிறான். பல் டாக்டரிடம் வேலை செய்கிறவள் பிள்ளை. பொய்யும் பல்லும் சேர்ந்து வளர்கிறது.

ஆறாவதாகவும் ஒன்று எழுதியிருந்தாள். அதை நினைத்தாலே அவளுக்குக் காது சூடானது.

நாளைக்கு மாமனாரை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு இரண்டாம் நம்பரைச் சபைக்கு வாசித்தால் அந்த மனுஷன் முகம் எப்படிப் போகும்? புருஷன் இனிமேல் கோயில் பக்கம் தலைவைத்துப் படுப்பாரா? தன் மானம் போவது வேறு. இவர்கள் ஐந்து பேரும் தலைகுனிவார்களே, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டுகிற உரிமை அவளுக்கு மட்டும்தான். ஊருக்குக் கிடையாது.

பையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினாள். பக்கத்து அறையில் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது.

கோயில் வாசலுக்குள் சுவரோரமாக ஒரு மேஜைமேல் பெட்டி இருந்தது. மரப்பெட்டி. மேலே ஒரு பிளவு, பக்கத்தில் ஒரு பூட்டு. பக்கத்திலேயே கோயில்பிள்ளை உட்கார்ந்திருந்தார். கோயிலைப் பெருக்கி, மணியடித்து, கதவு பூட்டுகிறவர். தாடையைச் சுற்றி ஒரு துணியைக் கட்டி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தார். வலது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது.

“வாங்கம்மா. என் சீட்டைக் கொண்டாந்தீங்களா? பல்லைப் பிடுங்க டாக்டர்கிட்ட நேரம் வாங்கித் தரேன்னீங்களே.”

“எழுதிட்டேன் அண்ணே, நேத்தே எழுதிட்டேன்.” பையைத் துழாவினாள். இல்லை. “கிளினிக் மேஜையிலேயே விட்டுட்டேன் போலிருக்கு.”

“நல்லா விட்டீங்க. ராத்திரி பூரா நான் ஆகாசத்தைப் பாத்துக்கிட்டுக் கிடந்தேன்.”

“அண்ணே, இந்தப் பெட்டியைக் கொஞ்சம் துடைச்சு வைக்கலாம்னு வந்தேன்.”

“முப்பது வருஷமா நான்தான் துடைக்கிறேன். என் துடைப்புக்கு என்ன குறைச்சல்?”

“குறைச்சல் இல்லை. உள்பக்கம்...”

“உள்பக்கம் துடைக்கச் சாவி வேணும். அது செயலாளரம்மாகிட்ட இருக்கு. நான் இருக்கிறது பெட்டிக்குக் காவல். நீங்க இருக்கிறது பல்லுக்கு. அவங்கவங்க வேலையைப் பாப்போம்.”

அவர் உப்புத் தண்ணீர் கொப்பளிக்கப் பின்பக்கம் போனார். அவள் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி, பிளவுக்குள் விட்டாள். ஏதோ தட்டுப்பட்டது. இன்னும் கொஞ்சம் விட்டாள். ஊசி கையைவிட்டு நழுவி உள்ளே ‘டிங்’ என்று விழுந்தது. கொண்டை அவிழ்ந்தது.

கோயில்பிள்ளை வாயில் தண்ணீரோடு எட்டிப் பார்த்தார். பேச முடியவில்லை. கண்ணாலேயே கேட்டார்.

“கொஞ்ச நேரம் ஜெபம் பண்ணலாம்னு...” என்று தலைவிரி கோலமாகச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள்.

வெயிலில் தெருத்தெருவாக அலைந்த பிறகுதான் ஒரு யோசனை வந்தது. பிளவுக்குள் இருப்பதைப் பார்க்கவும் பிடுங்கவும் கருவி வேண்டும். அந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? கிளினிக்குக்கு அன்று லீவு. சாவி வீட்டில் இருந்தது. எடுக்கப் போனபோது மணி பன்னிரண்டரை.

சமையலறையில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. புருஷனுடைய கால்கள். தொட்டிக்கு அடியில் படுத்து ஸ்பானரால் எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை அரை நாள் வேலைதான். ஆனால் கூட்டாளிகளோடு உட்கார்ந்து பேசிவிட்டு ஐந்து மணிக்குத்தான் வருவார். இன்று நேராக வந்திருக்கிறார். சொல்லாமல் கொள்ளாமல் குழாயைச் சரிசெய்கிற புருஷனை எந்தப் பெண்ணும் நம்பக் கூடாது. ஒன்று தப்புப் பண்ணியிருப்பான். இல்லையென்றால் பண்ணப்போகிறான்.

“என்னங்க, வேலை போயிடுச்சா?”

“ஏன் போகுது?” என்று கால்கள் பதில் சொல்லின. “சாப்பிட்டியா?”

“அது ஒண்ணுதான் குறைச்சல்!” என்று சாவியை எடுத்தாள்.

மாமனார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரேடியோ மடியில் இருந்தது. அதன்மேல் ஒரு தலையணை. தலையணையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவளுக்குத் திக்கென்றது. நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

“காய்ச்சல் இல்லையே மாமா. என்ன பண்ணுது? நெஞ்சு வலிக்குதா?”

“நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. நீ சாப்பிட்டியாம்மா?”

“வந்து சாப்பிடறேன் மாமா.”

வாசலில் கடைக்குட்டி நின்றுகொண்டு பல் தேய்த்தான். பட்டப்பகலில். வாயெல்லாம் நுரை.

“டேய், என்னத்தைத் திருட்டுத்தனமாத் தின்னே?”

“ஒண்ணும் தின்னலைம்மா.”

“தின்னாமலா தேய்க்கிறே? ஊது பாப்போம்.”

ஊதினான். அவள் புடவையெல்லாம் நுரை. விசாரிக்க நேரம் இல்லை. வீட்டில் ஏதோ நடக்கிறது, சாயங்காலம் எல்லோரையும் வரிசையாக நிறுத்திக் கேட்டுக்கொள்ளலாம் என்று ஓடினாள்.

கிளினிக்கிலிருந்து இரண்டு சாமான் எடுத்தாள். வாய்க்குள் விட்டுப் பார்க்கிற நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடி ஒன்று. ஒரு மெல்லிய இடுக்கி. திங்கட்கிழமை கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து வைத்துவிடலாம்.

கோயில்பிள்ளை பின்பக்கம் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். முனகல் மட்டும் கேட்டது. அவள் பெட்டிக்கு முன்னால் முழங்கால் போட்டாள். இடது கையில் கண்ணாடி, வலது கையில் இடுக்கி. டாக்டர் செய்வதைப் பதினோரு வருஷம் பார்த்தது வீண் போகவில்லை. முதல் சீட்டு அழகாக வந்தது. வெள்ளைக் காகிதம். இது இல்லை. இரண்டாவது நீலம். மூன்றாவது தானாகவே பிரிந்துகொண்டு வந்தது. அவள் படிக்க நினைக்கவில்லை. கண் படித்துவிட்டது.

‘எங்கள் வீட்டில் ஒருவரையொருவர் சத்தம் போட்டுப் பேசுவதே இல்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.’

பாட்டுக்குழுத் தலைவர் மனைவியின் கையெழுத்து. அந்த வீட்டில் தட்டு பறக்கிற சத்தம் மூன்று தெரு தாண்டிக் கேட்கும். அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆண்டவர் இதையெல்லாம் எப்படிப் படித்து முடிக்கிறாரோ என்று பாவமாகவும் இருந்தது. தன் ரோஸ் சீட்டில் இருப்பதும் இதே ரகம்தானே என்று தோன்றியபோது சிரிப்பு நின்றுவிட்டது. அவள் எழுதியதில் நிஜம் எந்தச் சீட்டு, பொய் எந்தச் சீட்டு?

எடுத்தவற்றையெல்லாம் திரும்பப் போட்டாள். கண்ணாடியைத் திருப்பினாள். அதோ, அடியில், ரோஸ் கலர் ஓரம். பல் சிரித்துக்கொண்டிருந்தது.

“யாரது?”

திடுக்கிட்டுத் திரும்பினாள். கண்ணாடி உள்ளே விழுந்தது. இடுக்கியை மட்டும் காப்பாற்றி மடியில் மறைத்தாள். விரல்கள் இன்னும் பிளவுக்குள்தான் இருந்தன.

கோயில்பிள்ளை முதுகுக்குப் பின்னால் நின்றார். “பெட்டிக்குள்ள கையை விட்டுக்கிட்டு என்னம்மா ஜெபம்?”

“ரொம்ப... ரொம்ப நெருக்கமான ஜெபம் அண்ணே.”

“முப்பது வருஷத்துல எத்தனையோ பேர் பெட்டியில போடறதைப் பாத்திருக்கேன். தடவறதை இப்பத்தான் பாக்கறேன். நான் செயலாளரம்மாகிட்ட சொல்லத்தான் போறேன்.”

“நீங்க சொல்ல வேணாம். நானே போறேன்” என்றாள். ரோஷத்தில் வந்த வார்த்தை. வந்த பிறகு வழியும் அதுதான் என்று பட்டது. நேராகப் போய், சீட்டு மாறிவிட்டது, திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டால் என்ன? தலையையா வாங்கிவிடுவார்?

செயலாளரம்மா பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் ஓயவில்லை. சபையில் எதை வாசித்தாலும் ஒரு எழுத்தை விடமாட்டார். கடைசி வரிசையில் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான்.

“என்ன சிஸ்டர், இவ்வளவு தூரம்?”

“பெட்டி விஷயமா வந்தேன்மா. நான் போட்ட சீட்டு...”

“தெரியும், தெரியும். கோயில்பிள்ளை இப்பத்தான் போன் பண்ணினான். ஒரே நாள்ல ரெண்டு தரம் வந்து பெட்டிக்கு முன்னால முழங்கால் போட்டீங்களாமே!”

“அது வந்தும்மா...”

“அவன் அதைக் குற்றமாச் சொல்றான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. இந்தக் காலத்துல தன் ஸ்தோத்திரத்துக்காக இப்படிப் பாரப்படற தாய் யாரு இருக்கா? நாங்கல்லாம் பெட்டியில போட்டதோட மறந்துடறோம்.”

“இல்லைம்மா, நான் சொல்ல வந்தது...”

“ஒண்ணும் சொல்ல வேணாம். உங்க சீட்டைத்தான் நாளைக்கு முதல்ல வாசிக்கப் போறேன். பல் படம் போட்டது உங்களுதுதானே? பாத்தாலே தெரிஞ்சுடும். குடும்பத்தோட முன்வரிசையில உக்காருங்க. வாசிக்கும்போது எல்லாரும் எழுந்து நிக்கணும். மாமனாரும் நிக்கணும். சபை பாக்கட்டும்.”

வாயைத் திறந்தாள். செயலாளரம்மா அதற்குள் கண்ணை மூடி அவளுக்காக ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். அந்த ஜெபத்தை மறித்துப் பேச அவளுக்கு அந்தஸ்து போதாது. ஆமென் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

நூற்றில் ஒரு சீட்டாகப் போக வேண்டியதை முதல் சீட்டாக்கி, குடும்பத்தையே நிறுத்தி வைக்கவும் ஏற்பாடு செய்தாயிற்று. ஒரு மனுஷியால் ஒரு நாளில் இதற்குமேல் கெடுக்க முடியாது.

வீட்டுக்கு வந்தபோது குளியலறைக் கதவு திறந்தது. பெரியவள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.

“எவ்வளவு நேரமா உள்ளே இருந்தே?”

“பத்து நிமிஷம்மா.”

“தண்ணி நின்னு போச்சா?”

“இல்லையே.”

அவள் மகளை மேலும் கீழும் பார்த்தாள். “யாரு அந்தப் பையன்?”

“எந்தப் பையன்? உங்களுக்கு என்னம்மா ஆச்சு? முதல்ல சாப்பிட்டீங்களா?”

நடுவிலான் கொடியில் துண்டை உலர்த்திக்கொண்டிருந்தான். நாலு முனையும் இழுத்து, கிளிப் போட்டு. தாயைப் பார்த்ததும் ராணுவத்தில் நிற்கிற மாதிரி நின்றான். “அம்மா, சாப்பிட்டியா?”

“ஏன்டா ஆளாளுக்கு அதையே கேட்டு உயிரை வாங்கறீங்க? என்னைப் பாத்தாப் பட்டினி கிடக்கிறவ மாதிரியா இருக்கு?”

காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது வேறு விஷயம்.

மேஜையில் ஒரு தட்டு மூடி வைத்திருந்தது. அதைத் தள்ளிவிட்டுப் புருஷன் எதிரில் உட்கார்ந்தாள். பின்னால் குழாய் சொட்டவில்லை. அது அவள் காதில் ஏறவில்லை.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“நானும்தான் ஒண்ணு...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். மாமனார் தொண்டையைச் செருமினார். “நாளைக்குச் சொல்லு. கோயில் முடியட்டும்” என்று புருஷன் எழுந்து போய்விட்டார்.

கோயில் முடிந்தால் சொல்வதற்கு என்ன இருக்கிறது? எல்லாம் அங்கேயே சொல்லிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் ஆறு பேரும் உட்கார்ந்தார்கள். எல்லோர் தலையும் வாரியிருந்தது. யாரும் யாரையும் கிள்ளவில்லை. கடைக்குட்டி பல்லைக் காட்டிக்கொண்டே இருந்தான். அவள் கைக்குட்டையைக் கசக்கினாள்.

அந்த ஐந்தைக்கூடச் சிரித்துச் சமாளித்துவிடலாம். எந்த வீட்டில் இல்லை? ஆறாவது வரிதான் அவளைக் கொன்றது. ‘ஆண்டவரே, இந்த வீட்டில் எல்லோருக்கும் பரிமாறி முடித்த பிறகு, நீ சாப்பிட்டாயா என்று என்னை ஒருத்தர்கூடக் கேட்பதில்லை.’ பிச்சை கேட்கிற மாதிரி ஒரு வரி. அதை நின்றபடி கேட்க வேண்டும், இத்தனை பேருக்கு முன்னால்.

செயலாளரம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பூட்டைத் திறந்தார். முதலில் ஒரு கொண்டை ஊசி வந்தது. அடுத்து, நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடி வந்தது. இரண்டையும் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“இதெல்லாம் யாரோட ஸ்தோத்திரம்?”

அவள் தலையைக் குனிந்து கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு ரோஸ் சீட்டு வந்தது.

“சபையாரே, இந்தச் சீட்டுக்காக ஒரு தாய் நேத்து ரெண்டு தரம் முழங்கால் போட்டிருக்காங்க. அந்தக் குடும்பம் எழுந்து நிக்கட்டும்.”

நின்றார்கள். அவள் புருஷன் கையை இறுக்கிப் பிடித்தாள். ‘என்னை மன்னிச்சிடுங்க’ என்று முணுமுணுத்தாள். ‘எதுக்கு?’ என்று அவரும் முணுமுணுத்தார்.

செயலாளரம்மா சீட்டைப் பிரித்தார். குரலை உயர்த்தினார்.

“திங்கட்கிழமை காலை பத்து மணி. வலது பக்கம், கீழ்க் கடைவாய்ப் பல். பிடுங்க வேண்டும். பயப்படாமல் வரவும்.”

செயலாளரம்மா சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

“ஸ்தோத்திரம்!” என்று கடைசியிலிருந்து ஒரு கத்தல். தாடையில் துணி கட்டிய கோயில்பிள்ளை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். “அது என் சீட்டு! என் பல்லு!”

சபை சிரித்த சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது. பாஸ்டர் பிரசங்க மேடையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். செயலாளரம்மா மட்டும் சிரிக்கவில்லை. “சிஸ்டர், அப்ப உங்க ஸ்தோத்திரம் எங்கே?”

அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. பையைத் திறந்து சீட்டை எடுத்தாள். அவளே வாசித்தாள்.

“எங்கள் குடும்பத்தில் கர்த்தர் தினமும் தருகிற கிருபைக்காகவும் சமாதானத்துக்காகவும் ஸ்தோத்திரம்.”

வெள்ளிக்கிழமை எழுதும்போது அவளே நம்பாத வரி. இன்று வாசிக்கும்போது நம்பினாள். “ஆமென்!” என்று மாமனார் ரேடியோவைவிடச் சத்தமாகச் சொன்னார். புருஷன் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

உட்கார்ந்தாள். மனசு லேசாகிவிட்டது. அப்போதுதான் சீட்டுக் கொடுக்கிறவள் புத்தி கணக்குப் போட்டது. வெள்ளிக்கிழமை எழுதியது மூன்று சீட்டு. ஒன்று கோயில்பிள்ளை கையில். ஒன்று தன் கையில்.

மூன்றாவது?

பக்கத்தில் கடைக்குட்டி அவள் காதோரமாக எக்கி, பற்பசை மணக்கக் கிசுகிசுத்தான்:

“அம்மா, ஆறாம் நம்பரை ஒரு நாள் கேட்டாப் போதுமா, தினமும் கேக்கணுமா? அப்பா சாப்பாட்டு டப்பாவுல இருந்த சீட்டுல எத்தனை நாளைக்குன்னு நீ எழுதவே இல்லையே!”